காற்று நல்லவனாக இருக்கும் ஊர்

இலையுதிர்காலப் படப்புத்தகங்களில் காற்று யாரையும் காயப்படுத்துவதில்லை. தொப்பியைத் தட்டிவிடும், சால்வை நுனியைப் பிடித்து இழுக்கும், பாடுபட்டுக் கூட்டிவைத்த இலைக்குவியலைக் கலைத்துவிட்டு ஓடும். அதற்குமேல் போகாது. அமெரிக்கப் பொது நூலகங்களில் இந்தப் புத்தகங்களைக் கோடை முடிவதற்குள்ளேயே எடுத்து ஒதுக்கிவைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தாமதித்தால் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். ஆப்பிள் பற்றிய பழைய புத்தகம் ஒன்றிரண்டுதான் அலமாரியில் மிஞ்சும். அதனால் கதைநேரத்துக்குப் பொறுப்பான நூலகர் ஆகஸ்ட் வெயிலில் உட்கார்ந்துகொண்டு இலை உதிர்வதைப் பற்றி யோசிக்கிறார். எந்த ஊரிலும் இது வாடிக்கையான வேலைதான். ஆனால் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, சோனோமா கவுன்டியில் இருக்கும் சாண்டா ரோசா போன்ற ஓர் ஊரில் இந்தத் தேர்வில் ஏதோ நெருடுகிறது. அங்கே அக்டோபர் காற்று விளையாட்டுத் தோழன் அல்ல. உள்நாட்டு வறள்நிலத்திலிருந்து கிளம்பி, மலை இறங்கி, கடலை நோக்கி விரையும் அந்தக் காற்றை டையாப்லோ என்கிறார்கள். வானிலைத் துறை சிவப்புக்கொடி எச்சரிக்கை விடுத்தால் பெரியவர்கள் காரில் பெட்ரோல் நிரப்பி, முகப்பு தெருவைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்துகிறார்கள்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கான இலையுதிர்காலப் பட்டியல் எதை எடுத்தாலும் லோயிஸ் எலர்ட்டின் ‘லீஃப் மேன்’ அதில் இருக்கும். 2005-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பாஸ்டன் குளோப் – ஹார்ன் புக் விருது பெற்ற புத்தகம். எலர்ட் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர், மில்வாக்கியில் வாழ்ந்து 2021-இல் காலமானவர். உண்மையான இலைகளைப் பொறுக்கிவந்து வண்ண நகலெடுத்து, வெட்டி ஒட்டி, அதிலிருந்தே கோழி, வாத்து, பசு, மீன் எல்லாம் செய்துவிடுவார். மேப்பிள் இலை ஒன்று உடம்பாகும், ஏகோர்ன் விதைகள் கண்ணாகும். பக்கங்களின் மேல் விளிம்பு நேர்கோடாக இருக்காது. அலையலையாக, ரம்பப் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கங்கள் அடுக்கி நிற்கும்போது தூரத்து மேடுகள் தெரிகிற மாதிரி ஒரு தோற்றம் வரும். கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இலையால் ஆன ஒரு மனிதன், காற்று கொண்டுபோகும் திசையில் போய்க்கொண்டே இருக்கிறான். பரங்கித் தோட்டத்தின் மேலே, காய்கறிப் பாத்திகளின் மேலே, மேய்ச்சல் நிலத்தின் மேலே, ஏரியின் மேலே. எங்கே போய்ச் சேர்ந்தான் என்று புத்தகம் சொல்வதில்லை. உங்கள் காலடியிலேயே ஒருவன் கிடக்கலாம் என்று கோடிகாட்டிவிட்டு முடித்துக்கொள்கிறது.

கதைநேரத்துக்கு இப்படி ஒரு புத்தகம் கிடைப்பது அரிது என்று நூலகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கம்பளத்தில் கடைசி வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் படம் தெரிய வேண்டும். நூலகர் புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் வாசிப்பவர். ஒரு பக்கத்தில் நான்கைந்து வரிக்கு மேல் இருந்தால் அவர் பாடும் திண்டாட்டம், குழந்தைகளும் எழுந்து சுற்ற ஆரம்பித்துவிடும். எலர்ட்டின் பக்கம் பெரியது, எழுத்து குறைவு, நிறம் அறையின் மறுகோடியிலிருந்தும் தெரியும். வாசித்து முடித்ததும் மெல்லிய நைலான் துணிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் போதும். மஞ்சளும் ஆரஞ்சுமாக அவை மேலே போய், அவசரமே இல்லாமல் இறங்கும். குழந்தைகள் ஊதுவார்கள். இரண்டு வயதுக்காரர் ஒருவர் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு மறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். குறைசொல்ல இதில் என்ன இருக்கிறது?

குறை புத்தகத்தில் இல்லை, ஜன்னலில் இருக்கிறது. இலையைப் பொறுக்கப் போவோம் வாருங்கள் என்று புத்தகம் கூப்பிடுகிறது. வெளியே போனால் அங்கே நிலைமை வேறு. அந்த வட்டாரத்தின் பக்கை மரம் மழையற்ற கோடையைத் தாங்கிக்கொள்ள ஜூலை, ஆகஸ்டிலேயே இலைகளைக் காயவிட்டு மொட்டையாகத் தொடங்கிவிடுகிறது. குன்றுகளை மூடி நிற்கும் லைவ் ஓக் வருடம் முழுக்கப் பச்சை. பக்கத்து செபஸ்டபோலில் புகழ்பெற்ற கிராவன்ஸ்டைன் ஆப்பிள் கோடையிலேயே பழுத்துவிடும், அதற்கான திருவிழா ஆகஸ்டில் நடந்து முடிந்துவிடும். செப்டம்பர் கடைசியில் ஆப்பிள் பறிக்கும் படப்புத்தகம் வாசிக்கும்போது அந்தப் பழம் சாறாகிப் புட்டிக்குள் போயிருக்கும். சரிவுகளில் முந்திக்கொண்டு, கண்ணைப் பறிக்கிற மாதிரி சிவப்பது எது என்று பார்த்தால் பாய்சன் ஓக். தொட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும், எரிந்தால் அதன் புகையே நெஞ்சைப் பதம்பார்க்கும். எல்லாவற்றிலும் அழகான சிவப்பு இலையைத் தொடாதே என்றுதான் அந்த ஊரில் குழந்தைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். திராட்சைத் தோட்டங்கள் நவம்பரில் நிறம் மாறும்போது சுற்றுலாப் பயணிகள் படம் பிடிப்பார்கள். ஆரோக்கியமான கொடி பெரும்பாலும் மஞ்சளாகத்தான் மாறும். கறுப்புத் திராட்சைக் கொடியில் அடர்சிவப்பு ஏறினால் அது பல நேரங்களில் வைரஸ் நோயின் அடையாளம் என்று பயிரிடுபவர்கள் முகம் சுளிப்பார்கள். தெருவோரத்தில் புத்தகத்தில் உள்ளபடியே சிவந்து உதிரும் லிக்விடாம்பர் கிழக்கு மாநிலங்களின் மரம்; பொன்னாய் உதிரும் கிங்கோ சீனத்து மரம். நிறத்துக்காகவே நட்டு வளர்த்தவை. படப்புத்தகத்துக்குச் சாட்சி சொல்ல நகராட்சியே ஆள் பிடித்து நிறுத்தியிருப்பது போலத் தோன்றும்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. சிங்கத்தைக் கண்டிராத குழந்தை சிங்கக் கதை கேட்பதில்லையா? எஸ்ரா ஜேக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ 1962-இல் வந்தது. நியூயார்க் பொது நூலகம் தன் 125-ஆம் ஆண்டையொட்டி 2020-இல் வெளியிட்ட பட்டியலில், அதன் வரலாற்றிலேயே அதிகம் இரவல் போன புத்தகம் அதுதான்: 4,85,583 முறை. பனியே விழாத ஊர்களிலும் அந்தப் புத்தகத்தைக் குழந்தைகள் கேட்டு வாங்குகிறார்கள். சட்டைப் பையில் வைத்த பனிப்பந்து காணாமல் போவதைப் புரிந்துகொள்ளப் பனியை மிதித்திருக்க வேண்டியதில்லை. ஆசையாக ஒளித்துவைத்த எதையாவது இழந்திருந்தால் போதும், அது எல்லா நான்கு வயதுக்காரர்களுக்கும் நேர்ந்திருக்கும். பதில் சரிதான், ஆனாலும் முழுசாக அடங்கவில்லை. சிங்கம் தூரத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டுதான் கதைக்குள் வருகிறது. பருவகாலப் புத்தகம் அப்படி அல்ல. கதைநேரம் தொடங்கும்போதே இன்றைக்கு வெளியே எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் நூலகர் அதைக் கையில் எடுக்கிறார். இப்போது, இங்கே என்பதுதான் அந்தப் புத்தகத்தின் உரிமைக்கோரல். 35 டிகிரி வெயிலில் அரைக்கை பனியனோடு வந்து உட்கார்ந்திருக்கும் குழந்தை, கம்பளிச் சட்டைக்காரக் குழந்தைகளின் படத்தைப் பார்த்து, உண்மையான அக்டோபர் வேறெங்கோ இருக்கிறது என்று முடிவுகட்டிக்கொள்ளுமா? அல்லது பெரியவர்கள்தான் இதற்கெல்லாம் விசனப்படுகிறார்களா?

இந்த வேறெங்கோவைச் சாண்டா ரோசாவில் இருந்துகொண்டே உலகம் முழுக்க அனுப்பிவைத்த ஒருவர் உண்டு. சித்திரக்கதைக்காரர் சார்லஸ் ஷுல்ஸ் மின்னசோட்டாவில் பிறந்து வளர்ந்தவர்; 1958-இல் செபஸ்டபோலுக்குக் குடிவந்தார், பிறகு சாண்டா ரோசாவிலேயே நிலைத்தார். சார்லி பிரவுனின் கூட்டாளி லைனஸ் பரங்கித் தோட்டத்தில் விடிய விடியக் காத்திருக்கும் ‘கிரேட் பம்ப்கின்’ கதை முதலில் வந்தது 1959 அக்டோபரில். அதாவது ஆப்பிள் தோப்புகளுக்கும் லைவ் ஓக்குகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு வரைந்தது. 1966-இல் அது தொலைக்காட்சிப் படமானபோது, குவித்த இலைக்குள் பாய்ந்து விளையாடும் குழந்தைகளும் சாம்பல் நீலத்தில் மங்கும் வானமும் அமெரிக்கா முழுமைக்குமான இலையுதிர்காலம் ஆகிவிட்டன. பல படப்புத்தகங்கள் இன்றும் அந்த வானத்தின் கீழேதான் நடக்கின்றன. ஷுல்ஸ் வாழ்ந்து மறைந்த சாண்டா ரோசா வீடு 2017 அக்டோபர் 9 அதிகாலையில் எரிந்துபோனது. அவருடைய மனைவி தப்பி வெளியேறிவிட்டார்.

அந்த இரவைப் பற்றி ஊரில் யாரும் நீட்டி முழக்கிச் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அக்டோபர் 8 இரவு கலிஸ்டோகா அருகே பற்றிய டப்ஸ் தீ, காற்றின் முதுகில் ஏறி நான்கைந்து மணி நேரத்துக்குள் ஊருக்குள் வந்தது. ஆறு தடங்கள் கொண்ட 101 நெடுஞ்சாலையைத் தீ தாண்டாது என்று நம்பிப் படுத்தவர்கள் உண்டு. தீ தாண்டவில்லை, கங்குகள் பறந்தன. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த காஃபி பார்க் குடியிருப்பு விடிவதற்குள் சாம்பலானது. 22 பேர் இறந்தார்கள், 5,600-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. 1964 செப்டம்பரிலும் ஹேன்லி தீ ஏறக்குறைய இதே வழியாகத்தான் வந்து ஊர் எல்லையில் நின்றிருந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அந்த வழியில் வீடுகள் முளைத்துவிட்டன. 2019 அக்டோபரில் கின்கேட் தீ, ஏறத்தாழ 1,90,000 பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. 2020 செப்டம்பரில் கிளாஸ் தீ. அந்த ஆண்டுகளில் காற்று எழும்பினாலே முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பக்கத்தில் சொல்வோம். அப்படிச் சொல்லும்போதே ஒரு சிரிப்பு இருக்கும், ஆடிக்குப் பின்னால் மழை வரும் என்ற நம்பிக்கையும் இருக்கும். டையாப்லோ வீசுவது கோடை முழுக்க ஒரு சொட்டு மழை பார்க்காத நிலத்தின் மேல்.

இப்போது மறுபடி ‘லீஃப் மேன்’ புத்தகத்தைப் பிரித்தால், காற்றில் எரியாத ஏதோ ஒன்று மிதந்து போவதே விசேஷமாகப் படுகிறது. 2017-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு இந்த எண்ணம் வராது. அதற்கு நைலான் துணி நைலான் துணிதான். ஆனால் கம்பளத்தில் குழந்தை மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாய் இருக்கிறார், சுவரோரமாக நிற்கும் தாத்தா இருக்கிறார், திராட்சை அறுவடையில் இரவுமுறை வேலை பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்த தகப்பனும் இருக்கலாம். கதைநேரத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது குழந்தைகளுக்காக என்று சொல்லிக்கொண்டாலும், அறையில் பாதிப் பேர் பெரியவர்கள். காற்று ஊதுவதைப் போல எல்லோரும் சேர்ந்து ஊதுவோமா என்று நூலகர் கேட்கும்போது குழந்தைகள் கன்னம் உப்ப ஊதுகிறார்கள். பெரியவர்களும் ஊதுகிறார்கள். யார் மனசில் என்ன ஓடுகிறது என்று வாசிக்கிற நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அடுத்த பக்கம் காத்திருக்கும்.

இலையுதிர்காலப் புத்தகங்கள் மேலோட்டமாக நிறத்தைப் பற்றிப் பேசினாலும் அடியில் இழப்பைப் பற்றித்தான் பேசுகின்றன. ஜூலியா ராலின்சன் எழுதி டிஃபனி பீக் வரைந்த ‘ஃப்ளெட்சர் அண்ட் தி ஃபாலிங் லீவ்ஸ்’ (2006) கதையில் ஒரு நரிக்குட்டி தன் மரத்துக்கு நோய் வந்துவிட்டதோ என்று பதறுகிறது, உதிர்ந்த இலையைத் திரும்ப மாட்டிவைக்கப் பார்க்கிறது. டேவிட் எஸ்ரா ஸ்டைனின் ‘லீவ்ஸ்’ (2007) கதையிலும் முதல் இலையுதிர்காலத்தைக் காணும் கரடிக்குட்டி அதையே செய்து பார்த்துத் தோற்றுப்போய், இலைகளைக் குகைக்குள் நிரப்பித் தூங்கிவிடுகிறது. நரிக்கு மறுநாள் காலையில் பனி மினுமினுக்கும் மரம் கிடைக்கிறது, கரடிக்கு வசந்தத்தில் புதுத் தளிர். இந்த ஆறுதலில் பொய் இல்லை. இலைக்காம்பின் அடியில் மரமே ஒரு தடுப்பு அடுக்கை வளர்த்து, தேவையானதை உள்ளே இழுத்துக்கொண்டுதான் இலையைக் கைவிடுகிறது. மஞ்சள் முன்பிருந்தே பச்சையத்தின் மறைவில் இருந்தது, சிவப்பு அந்த நேரத்தில் புதிதாக உண்டாவது. மரத்துக்கு இது திட்டமிட்ட செலவு. ஆனால் இந்த ஆறுதலின் வலு முழுவதும் ஒரே ஒரு வாக்குறுதியில் இருக்கிறது: போனது திரும்பும். காஃபி பார்க்கில் வீடுகள் திரும்ப எழும்பின, உண்மைதான். அதே வீடுகள் அல்ல, பல வீடுகளில் அதே ஆட்களும் அல்ல. லியோ பஸ்காலியாவின் ‘தி ஃபால் ஆஃப் ஃப்ரெடி தி லீஃப்’ (1982) இந்த வாக்குறுதியைத் தராமல் மரணத்தை நேராகவே பேசுகிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்குத் தனியாக எடுத்துக் கொடுக்கலாம். காலை பத்தரை மணிக்கு, பிஸ்கட் டப்பாவோடு வந்திருக்கும் கூட்டத்துக்கு நடுவில் வாசிக்க யாருக்கு மனசு வரும்?

காற்றை அதன் போக்கிலேயே விட்டு எழுதிய கதை ஒன்று உண்டு. அர்னால்ட் லோபலின் ‘ஃபிராக் அண்ட் டோட் ஆல் இயர்’ (1976) தொகுப்பில் வருவது. தவளை, தேரைக்குத் தெரியாமல் அதன் வீட்டுக்குப் போய் வாசலில் கிடக்கும் இலைகளையெல்லாம் வாரிக் குவித்துவைக்கிறது. அதே நேரத்தில் தேரை, தவளை வீட்டில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இருவரும் திரும்பி நடக்கிற வழியில் காற்று எழும்பி இரண்டு குவியலையும் கலைத்துவிடுகிறது. இரண்டு பேரும் தத்தம் வீட்டு வாசலில் சிதறிக் கிடக்கும் இலைகளைப் பார்த்து, நாளைக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, நண்பன் இந்நேரம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருப்பான் என்ற சந்தோஷத்தோடு படுக்கப் போகிறார்கள். காற்றுக்கு இங்கே குறும்பும் இல்லை, கருணையும் இல்லை. செய்த வேலை வீணாகிறது, யாரும் ஈடுசெய்வதில்லை, உண்மை இருவருக்குமே தெரியாமல் போகிறது. மிஞ்சுவது இன்னொருவருக்காகப் பாடுபட்ட நினைப்பு மட்டும். எரிந்த ஊரில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான இலைக்கதை இருப்பதாகத் தோன்றவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தானாக வாசிக்கப் பழகும் ஏழு வயதுக்காரர்களுக்கான கைக்கடக்கப் புத்தகம் அது. படம் சிறியது, நிறம் பச்சையும் பழுப்பும். கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது. எழுத்தின் பெருமை கம்பளத்தின் நீளத்திடம் தோற்றுப்போகிற இடம் இது. நூலகர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஃபிளானல் பலகையில் தவளையையும் தேரையையும் ஒட்டி வாயாலேயே கதையைச் சொல்லிவிடலாம், சொல்கிறவர்களும் உண்டு. அப்போது அது தேர்வுப் பட்டியலில் ஏறாது. அடுத்து வருகிற நூலகருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஹாலோவீன் வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்களுக்காகப் பேயை விலக்கி, நன்றிதெரிவிப்பு நாளின் பழைய கதையைச் சொல்லத் தயங்கி, கடைசியில் நூலகர்கள் எல்லோரும் பரங்கிக்காயில் வந்து நிற்கிறார்கள். பரங்கிக்காய்க்கு மதமும் இல்லை, சர்ச்சையும் இல்லை. ஆனால் கம்பளத்தில் நிஜமாகவே அதிரடி செய்வது லிண்டா வில்லியம்ஸ் எழுதி மேகன் லாய்ட் வரைந்த ‘தி லிட்டில் ஓல்ட் லேடி ஹூ வாஸ் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் எனிதிங்’ (1986). இருட்டுக் காட்டுப் பாதையில் ஆளில்லாத செருப்பும் கால்சட்டையும் கையுறையும் ஒவ்வொன்றாக ஒரு கிழவியைத் துரத்திக்கொண்டு வருகின்றன. குழந்தைகள் காலைத் தட்டி, கையைத் தட்டி, தலையை ஆட்டிக் கூடவே ஓடுகிறார்கள். கடைசியில் வீடுவரை வந்துவிட்ட பயத்தோடு கிழவி பேசிப் பார்த்து, அதற்கு ஒரு வேலை கொடுக்கிறாள்: எல்லாம் சேர்ந்து சோளக்கொல்லைப் பொம்மையாகி நிற்கின்றன. இலையைப் பற்றி இதில் பேச்சே இல்லை. ஆனாலும் சாண்டா ரோசாவின் அக்டோபருக்கு இது ‘லீஃப் மேன்’ புத்தகத்தைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. பயம் வாசல்வரை வருவதும், கதவைத் தட்டுவதும், அதற்குத் திட்டம் போட வேண்டியிருப்பதும் அந்த ஊருக்குத் தெரிந்த விஷயங்கள். இலையும் பரங்கியும் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்குவதா, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துப் பொறுக்குவதா என்ற கேள்வி இங்கே வந்து முட்டுகிறது. பட்டியல்கள் பெரும்பாலும் அட்டையைப் பார்த்துத்தான் போடப்படுகின்றன.

படிக்கிற குழந்தை தன்னைக் காணும் கண்ணாடியாகவும் பிறரைக் காணும் ஜன்னலாகவும் புத்தகம் இருக்க வேண்டும் என்று ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய கட்டுரையை நூலகர்கள் எல்லோரும் அறிவார்கள். அவர் பேசியது மனிதர்களைப் பற்றி. பருவத்துக்கும் அதைப் பொருத்திப் பார்த்தால் சில புத்தகங்கள் அட்டவணையின் வேறு மூலைகளிலிருந்து எழுந்து வருகின்றன. செரோக்கி இனத்தைச் சேர்ந்த டிராசி சொரெல் எழுதிய ‘வீ ஆர் கிரேட்ஃபுல்’ (2018) ஆண்டை இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது, ஏனென்றால் அவர்களுக்குப் புத்தாண்டு அப்போதுதான். கலிஃபோர்னியாவின் வடகோடியில் கிளாமத் ஆற்றங்கரையில் வாழும் கருக் மக்களின் கதையை ஜோனதன் லண்டன் ‘ஃபயர் ரேஸ்’ (1993) என்று திரும்பச் சொல்லியிருக்கிறார்; வரைந்தவர் சில்வியா லாங். கயோட்டி திருடிவரும் நெருப்பு, ஒரு மிருகத்திடமிருந்து இன்னொரு மிருகத்துக்குக் கைமாறி ஊர் வந்து சேர்கிறது. நெருப்பு அங்கே எதிரி அல்ல. குளிருக்குக் காப்பு, அடுப்புக்கு உயிர். கருக் மக்கள் காட்டுத்தரையை அளவாகக் கொளுத்திச் சுத்தப்படுத்திவந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த வழக்கத்தை அரசு தடுத்து வைத்திருந்தது. தீ கண்ட ஊரின் கதைநேரத்தில் இந்தப் புத்தகத்தை எடுப்பது துணிச்சலா, இங்கிதம் இல்லாமையா என்று தீர்த்துச் சொல்ல முடியாது. காப்பகத்தில் இரண்டு இரவு படுத்துத் திரும்பிய குழந்தைக்கு, நெருப்பை விழுங்கும் தவளை வேடிக்கையாகவும் இருக்கலாம், வேண்டாததாகவும் இருக்கலாம். நல்ல காற்று வீசும் விஸ்கான்சின் வானத்தில் அரைமணி நேரம் மிதந்துவிட்டு வரட்டுமே என்று நினைக்கிற நூலகரையும் தப்புச் சொல்ல முடியவில்லை. சொந்த ஊரின் அக்டோபரை அந்தக் குழந்தை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பார்க்கத்தான் போகிறது.

நடைமுறையில் இதற்கெல்லாம் யோசிக்க அவகாசம் கிடைப்பதில்லை. ஆகஸ்டில் பட்டியல் போக வேண்டும், கம்பளத்துக்குப் பின்னால் உள்ள பலகையில் செப்டம்பர் முதல் வாரமே காகித மேப்பிள் இலைகளை ஒட்டியாக வேண்டும், நவம்பர் கடைசி வாரம் அவற்றைப் பிய்த்து எடுத்துவிட்டுப் பனித்துகள்களை ஒட்ட வேண்டும். சோனோமாவின் சொந்த மரமான பள்ளத்தாக்கு ஓக் அந்தக் காலண்டரைப் பார்ப்பதில்லை. முதல் நல்ல மழை நவம்பரில் பெய்து, சிவப்புக்கொடி எச்சரிக்கைகள் ஓய்ந்து, மலைகள் பச்சை பிடிக்கத் தொடங்கிய பிறகும் அதன் இலைகள் உதிர்ந்துகொண்டிருக்கும், டிசம்பர் வரைக்கும்கூட. ஈரக்காற்றில், பயப்படாமல் பொறுக்கலாம். ‘லீஃப் மேன்’ புத்தகத்தை எடுத்துக்கொண்டு குழந்தைகளோடு வெளியே போக அந்த ஊரில் ஏற்ற வாரம் அதுதான். அந்த வாரத்தில் அதை யாரும் கேட்டு வருவதில்லை. முன்பதிவு வரிசை காலி, எல்லாப் பிரதிகளும் அலமாரியில் இருக்கும்.